உப்பு ஏன் கசிகிறது? மளிகை அலமாரியின் அறிவியல்

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரம். அரைவேக்காட்டு முட்டைக்கு உப்புத் தூவப் பார்க்கிறீர்கள். குப்பியைக் கவிழ்த்து எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் விழவில்லை. உள்ளே உப்பு கட்டிதட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் சீனி டப்பாவைத் திறந்தால் அது ஓரளவு உதிரியாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே அலமாரியில் இருந்தவை. உப்புக்கு மட்டும் ஏன் இந்த நிலை?

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தெரிந்தால், உங்கள் வீட்டு மளிகைச் சாமான்களில் எதை எங்கே வைப்பது, எதை எவ்வளவு வாங்குவது, எதைத் தயங்காமல் குப்பையில் போடுவது என்று நீங்களே சொல்லிவிடலாம். கடைசிக் கேள்வி சில வேளைகளில் உயிர் தொடர்பானது. அது ஏன் என்று பிறகு பார்ப்போம்.

காற்றிலிருந்து நீர் குடிக்கும் உப்பு

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. ஒரு வெப்பநிலையில் காற்றில் அதிக அளவாக எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 82 விழுக்காடு. விடியலுக்கு முன் அது 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். மலேசியாவின் தாழ்நில ஊர்களிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

இப்போது உப்புக்கு வருவோம். சோடியம் குளோரைடுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு: 75 விழுக்காடு. காற்றின் ஈரப்பதம் இதற்குக் கீழே இருக்கும்வரை உப்பு உலர்ந்தே இருக்கும். இதைத் தாண்டினால், உப்புத் துகளின் மேற்பரப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்து, அந்த நீரிலேயே கரையத் தொடங்கும். சீனிக்கு இந்த எல்லை ஏறத்தாழ 85 விழுக்காடு. நம் காற்று நாளின் பெரும்பகுதி நேரம் 75க்கு மேல் இருப்பதால் உப்பு சீக்கிரம் கசிகிறது; சீனி கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

கட்டிதட்டுவது எப்படி? இரவில் உப்புத் துகள்களின் மேற்பரப்பு கரைந்து உப்புநீராகிறது. பிற்பகலில் காற்று உலரும்போது அந்த நீர் ஆவியாகிறது. கரைந்த உப்பு மீண்டும் படிகமாகி, பக்கத்துத் துகளோடு சிமெண்டுபோல ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் இது நடந்தால் ஒரு வாரத்தில் குப்பி அடைத்துவிடும். கல்லுப்பு இன்னும் வேகமாகக் கசியும். அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை உறிஞ்சக்கூடியது.

உணவகங்களில் உப்புக் குப்பிக்குள் சில அரிசி மணிகள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். குலுக்கும்போது சிறு கட்டிகளை உடைக்கும். ஆனால் அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. காற்றுப் புகாத மூடிதான் நிலையான தீர்வு.

எல்லா நீரும் ஒன்றல்ல

உப்பு கட்டிதட்டினால் எரிச்சல்தான் வரும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. உப்பில் எதுவும் வளராது. ஆனால் அதே காற்றைத்தான் அரிசியும் மாவும் பருப்பும் கடலையும் குடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நுண்ணுயிரிகள் வளரும்.

ஒரு புதிர். தேனில் ஏறத்தாழ 18 விழுக்காடு நீர் இருக்கிறது. அது மாதக்கணக்கில் கெடுவதில்லை. அரிசியில் அதே 18 விழுக்காடு நீர் இருந்தால் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். நீரின் அளவு ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வேறுபாடு?

தேனில் உள்ள நீர் மூலக்கூறுகள் பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கின்றன. நுண்ணுயிரி அந்த நீரை எடுத்துப் பயன்படுத்த முடியாது. அரிசியில் உள்ள நீரில் கணிசமான பகுதி எளிதில் கிடைக்கக்கூடியது. இப்படி ஓர் உணவில் எவ்வளவு நீர் நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது என்பதை அறிவியலாளர்கள் ‘நீர்ச் செயற்பாடு’ என்று அளக்கிறார்கள். தூய நீருக்கு அதன் மதிப்பு 1. நீரே இல்லாத பொருளுக்கு 0.

சில எல்லைகளை நினைவில் வையுங்கள். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9க்கு மேல் வேண்டும். பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 0.8 போதும். வறட்சியைத் தாங்கும் சில பூஞ்சைகள் 0.65 வரைகூட வளரும். 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரியும் வளர்வதில்லை. தேன் அந்த 0.6ஐ ஒட்டி நிற்கிறது. 14 விழுக்காடு நீருள்ள அரிசி 0.7ஐ ஒட்டி நிற்கிறது.

இனிதான் முக்கியமான செய்தி. ஓர் உணவைத் திறந்து வைத்தால், அதன் நீர்ச் செயற்பாடு மெல்ல மெல்லச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்குச் சமமாகும். காற்று 80 விழுக்காடு என்றால் உணவு 0.8ஐ நோக்கிப் போகும். மேலே உள்ள எல்லைகளை மறுபடி பாருங்கள். 0.8 என்பது பூஞ்சைகள் வளரத் தொடங்கும் இடம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திறந்து வைத்த எந்த உலர் பொருளும் இந்த இடத்தை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. குளிர்நாட்டுச் சமையல் நூல்கள் ‘அலமாரியில் ஆறு மாதம் இருக்கும்’ என்று எழுதுவதை நாம் அப்படியே பின்பற்ற முடியாததற்கு இதுவே காரணம்.

பொட்டலத்தில் அச்சிட்ட தேதியையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அந்தத் தேதி, பிரிக்காத பொட்டலத்துக்கு உரியது. பிரித்த நாளிலிருந்து நம் ஊர்க் காற்றின் கணக்கு தொடங்கிவிடும்.

பேராக்கில் நடந்த துயரம்

1988 அக்டோபரில் பேராக் மாநிலத்தில் ‘லோ ஷீ ஃபன்’ என்னும் அரிசி நூடல்ஸைச் சாப்பிட்ட குழந்தைகள் பலர் கடுமையாக நோயுற்றார்கள். வாந்தி, வலிப்பு, கல்லீரல் செயலிழப்பு என்று நிலைமை மோசமாகி 13 குழந்தைகள் இறந்தார்கள். இறந்தவர்களின் உடல் திசுக்களை ஆராய்ந்தபோது அவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கண்டறியப்பட்டது.

அஃப்ளாடாக்சின் என்பது ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ போன்ற பூஞ்சைகள் உருவாக்கும் நச்சு. அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே நச்சின் பெயரும் வந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் இந்த நச்சு உலகுக்குத் தெரியவந்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இது குறிப்பாகக் கல்லீரலைத் தாக்கும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, வெப்பம். பூஞ்சை சூட்டில் செத்துவிடும். அது விட்டுச்சென்ற நச்சு அப்படியே இருக்கும். அஃப்ளாடாக்சின் சிதைய 200 பாகை செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். நீர் கொதிப்பதோ 100 பாகையில். ஆகவே கொதிக்க வைப்பதாலோ வறுப்பதாலோ இதை நம்பகமாக அகற்ற முடியாது. இரண்டாவது, அளவு. கண்ணுக்குத் தெரியும் பச்சை, மஞ்சள் பொடி பூஞ்சையின் வித்துகள். நச்சு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துக் கடலையிலும் இருக்கலாம்.

கச்சான் எனப்படும் நிலக்கடலை, சோளம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றில் இந்தப் பூஞ்சை எளிதில் வளரும். சாத்தே குழம்புக்கு வாங்கி மீந்த கடலையில் நாலைந்து மணிகள் சுருங்கி, நிறம் மாறி, கசந்தால் ‘அதை மட்டும் பொறுக்கிப் போட்டுவிடலாம்’ என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். பணத்தை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான். ஆனாலும் முழுப் பொட்டலத்தையும் வீசச் சொல்லுங்கள். ஏன் என்று இப்போது உங்களால் விளக்க முடியும்.

அரிசியில் வண்டு எங்கிருந்து வருகிறது?

மூடிய டப்பாவில் வைத்த அரிசியிலும் ஒருநாள் சின்னஞ்சிறு வண்டுகள் ஊர்கின்றன. ‘அரிசியிலிருந்து தானாகவே வந்துவிட்டது’ என்பார்கள். உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றும் என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நம்பினார்கள். 1668இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியை மூடியும் திறந்தும் வைத்துச் சோதித்தார். ஈக்கள் நெருங்க முடிந்த இறைச்சியில்தான் புழுக்கள் வந்தன என்று காட்டினார்.

அரிசி வண்டுக்கும் அதே விளக்கம்தான். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசி மணியில் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டையை வைத்து, பசைபோன்ற பொருளால் துளையை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே பொரிந்து, உள்ளேயே தின்று, வண்டாகி வெளியே வரும். நம் வெப்பநிலையில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே நீங்கள் வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த அரிசியிலும் முட்டைகள் இருந்திருக்கலாம். உங்கள் டப்பாவின் மேல் பழி இல்லை.

பாட்டி காய்ந்த மிளகாயோ உலர்ந்த வேப்பிலையோ போட்டு வைப்பார். அவற்றின் வாசம் வெளியே திரியும் வண்டுகளை ஓரளவு விரட்டலாம். மணிக்குள் அடைபட்டிருக்கும் முட்டையை அது எட்டாது. பச்சை வேப்பிலையைப் போட்டால் அதன் ஈரம் அரிசிக்குப் போய்ச் சேரும் என்பதையும் கவனியுங்கள். சிறு பைகளில் கட்டிய அரிசியை உறைபெட்டியில் −18 பாகையில் நான்கு நாள் வைத்தால் முட்டை, புழு, வண்டு மூன்றும் சாகும்.

பயறு வகைகளைத் தாக்கும் வண்டு வேறு. அது முட்டையைப் பயற்றின் தோல்மேல் ஒட்டிவைக்கும். துவரம்பருப்புக்கு ஆமணக்கெண்ணெய் தடவி விற்கும் பழக்கம் இந்த வண்டுகளுக்கு எதிராக வந்ததே. மெல்லிய எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகாமல் தடுக்கும். ரவையை வறுத்து வைப்பதும் இதே போன்ற அறிவுதான். சூடு முட்டைகளைக் கொன்று, ஈரத்தையும் குறைக்கிறது. ஆனால் ரவை நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியின் உட்புறம் நீராகி மறுபடி உள்ளே சொட்டும்.

எண்ணெய்க்கு எதிரி வேறு

எண்ணெயில் நீர் ஏறக்குறைய இல்லை. அதில் பூஞ்சை வளராது. அதைக் கெடுப்பது ஆக்சிஜன். எண்ணெய் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஒட்டிய இடங்களில் ஆக்சிஜன் தாக்கி, சிக்குவாடை தரும் சிறு மூலக்கூறுகளாக உடைக்கிறது. ஒளியும் வெப்பமும் இதை வேகப்படுத்தும்.

நிறைவுற்ற கொழுப்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆகவே ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்புள்ள தேங்காய் எண்ணெய் நெடுநாள் தாங்கும். செம்பனை எண்ணெயில் அது ஏறத்தாழ பாதி. சூரியகாந்தி எண்ணெயில் மிகக் குறைவு. அது சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். நல்லெண்ணெய் ஒரு விதிவிலக்கு. அதில் நிறைவுறாக் கொழுப்பு நிறைய இருந்தும், எள்ளில் இயல்பாக உள்ள செசமால் போன்ற பொருள்கள் ஆக்சிஜனின் தாக்குதலைத் தடுக்கின்றன.

வேதிவினைகளின் வேகம், வெப்பநிலை 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஒரு தோராய விதி. அடுப்புக்கு மேலுள்ள அலமாரி கைக்கு வசதி. எண்ணெய்க்கோ அதுதான் மோசமான இடம். பழுப்பரிசியும் முழுக்கோதுமை மாவும்கூட இதே காரணத்தால் வெள்ளையரிசி, மைதாவைவிட விரைவில் கெடும். அவற்றின் முளைக்கருவிலும் தவிட்டிலும் எண்ணெய் இருக்கிறது.

முழு மல்லியா, மல்லித்தூளா?

1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. பொருள் அதேதான், காற்று படும் இடம் மட்டும் பத்து மடங்கு. மல்லியை அரைக்கும்போது இதுதான் நடக்கிறது. வாசனை எண்ணெய்கள் ஆவியாகும் வேகம் கூடுகிறது. ஈரம் ஏறும் வேகமும் கூடுகிறது. ஆகவே மல்லி, சீரகம், மிளகு ஆகியவற்றை முழுதாக வாங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது. மஞ்சள் தூளை வெளிச்சம் படாமல் வையுங்கள். அதன் நிறத்தைத் தரும் குர்குமின் ஒளியில் சிதையும்.

கொதிக்கும் குழம்புக்கு மேலேயே மசாலா டப்பாவைச் சாய்த்துத் தட்டும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் டப்பாவுக்குள் ஒரு மூச்சு நீராவி போகிறது. கரண்டியில் எடுத்துப் போட்டால் போதும்.

குளிர்சாதனப் பெட்டியிலும் ஒரு பொறி உண்டு. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள ஆவி நீராகப் படியும். 4 பாகையில் இருந்த மிளகாய்த்தூள் டப்பாவை வெளியே எடுத்த உடனே திறந்தால், அந்தப் பனி தூளின் மேலேயே படியும். ஒன்று, டப்பா அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வைத்திருங்கள். அல்லது எடுத்த கையோடு உடனே மூடி உள்ளே வையுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்?

2020 மார்ச்சில் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டபோது பேரங்காடிகளில் அரிசி, மாவு, முட்டைக்கு மக்கள் முண்டியடித்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் கிளந்தான், திரெங்கானு வெள்ளத்தில் மூழ்கும்போது கடைக்குப் போகும் வழியே இருக்காது. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஆகவே வீட்டில் ஓரளவு கையிருப்பு வேண்டியதுதான். ஆனால் அளவு தெரிய வேண்டும்.

அரிசியைக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 2 கிலோ சமைக்கும் வீட்டில் 10 கிலோ பை தீர ஐந்து வாரம் ஆகும். அரிசி வண்டின் ஒரு தலைமுறைக்கு அது தாராளமான நேரம். 5 கிலோ பை இரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடும். அவசரத்துக்குக் கூடுதலாக ஒரு 5 கிலோ பையைப் பிரிக்காமல் வைத்து, பழையது முடிந்ததும் அதை எடுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். உப்பு, சீனி, புளி ஆகியவற்றை இறுக மூடி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம். கடலை, தூள்கள், முழுக்கோதுமை மாவு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக வாங்குங்கள். புதுப் பொட்டலத்தைப் பழைய டப்பாவில் கொட்டுவதற்கு முன் டப்பாவைக் கழுவி, முற்றிலும் உலர்த்துங்கள். இல்லையென்றால் அடியில் தங்கிய பழைய முட்டைகளுக்குப் புது உணவு கொடுத்தது போலாகும்.

செய்து பாருங்கள்

ஒரே பொட்டலத்திலிருந்து 20 கிரேக்கர் பிஸ்கட்டுகளை எடுங்கள். பத்தைத் திறந்த தட்டிலும் பத்தை இறுக மூடிய டப்பாவிலும் வைக்கவும். சமையலறைத் தராசில் ஒவ்வொரு பத்தையும் தொடக்கத்தில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குக் காலையும் மாலையும் நிறுத்துப் பாருங்கள். கூடிய எடையைத் தொடக்க எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால், பிஸ்கட் காற்றிலிருந்து குடித்த நீர் விழுக்காட்டில் கிடைக்கும். இன்னொரு தட்டைக் குளிரூட்டிய அறையில் வைத்து ஒப்பிடலாம். சோதித்த பிஸ்கட்டைச் சாப்பிட வேண்டாம்.

வீட்டில் ஈரப்பதமானி இருந்தால் இதையும் செய்யலாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல ஆகும் அளவுக்கு மட்டும் நீர் விடுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்து இறுக மூடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கருவி சரியாக வேலை செய்தால் அது 75ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். உங்கள் உப்புக் குப்பி ஒவ்வொரு இரவும் தாண்டுகிற எல்லைக்கோடு அதுதான்.